துருவேறிய பத்மினிக்கு நாலரை லட்சம்: சீட்டை எடுக்கலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். மாதம் 68,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவிக்குத் தனியார் பள்ளியில் 16,000. வீட்டுக் கடன் தவணை 21,000, குடும்பச் செலவு 35,000, சீட்டு 10,000 போக 18,000 மிஞ்சுகிறது. மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கல்லூரிக்காக வங்கியில் 4 லட்சம் வைப்பில் இருக்கிறது. என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வாங்கிய 1977 பிரீமியர் பத்மினி கார், அவர் காலமான பிறகு தோட்டத்துச் சாளையில் துருப்பிடித்து நிற்கிறது. அதை வீட்டிலேயே சரிசெய்து புதுப்பிக்க ஆசை. பட்டறையில் கேட்டபோது டிங்கரிங் 1,60,000, பெயிண்டிங் 90,000, இன்ஜின் 80,000, பிரேக், சஸ்பென்ஷன், வயரிங் 70,000, சீட், குரோம் வேலை 50,000 என்று மொத்தம் 4.5 லட்சம் சொன்னார்கள். இரண்டு லட்ச ரூபாய், 20 மாதச் சீட்டில் 8 மாதம் முடிந்திருக்கிறது. இப்போது எடுத்தால் 1,65,000 கிடைக்கும். கடைசிவரை பொறுத்தால் கமிஷன் போக 1,90,000. சீட்டை எடுக்கவா, 16 பவுன் நகையை அடகு வைக்கவா, வைப்புத் தொகையை உடைக்கவா? முடித்துவிட்டால் 6 லட்சத்துக்குப் போகும் என்கிறார்கள். கல்யாணங்களுக்கு வாடகைக்கும் விடலாம் அல்லவா?

பதில்: காரைச் செய்யுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று வழிகளில் எதுவும் வேண்டாம். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கார் யாருடையது?

ஆர்.சி. புத்தகம் இன்னும் அப்புச்சி பெயரில்தான் இருக்கும். உயில் எழுதாமல் அவர் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அவர் மனைவியான அம்மாயிக்கும், அவர் பெற்ற மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் பொது. உங்கள் அம்மா அதில் ஒரு பங்குக்காரர். நீங்கள் பங்குக்காரரே அல்ல. துருப்பிடித்து நிற்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நாலரை லட்சம் போட்டுப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்திய மறுநாள், மாமன் மகன் வந்து “எங்கள் அப்பாரு கார்தானே” என்றால் என்ன செய்வீர்கள்? சொந்தத்துக்குள் கேட்க வாய் கூசும் என்பது புரிகிறது. ஆனாலும் மாமன், பெரியம்மா, சின்னம்மா எல்லோரிடமும் மறுப்பில்லை என்று எழுதி வாங்குங்கள். வாரிசுச் சான்றிதழையும் அதையும் வைத்துப் பெயர் மாற்ற விண்ணப்பிக்கலாம். வாகன உரிமையாளர் இறந்தால் படிவம் 31. கூடவே கோபி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒருமுறை போய், அந்தப் பழைய பதிவு எண் கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள். காகிதம் தேறாத வண்டியைச் செய்து முடித்தால் அது தோட்டத்துக்குள் மட்டும்தான் ஓடும்.

அடுத்தது அந்த 6 லட்சம். அது யாரோ சொன்ன விலை. வாங்கியவர் எண்ணிக் கொடுத்த விலை எது என்று விசாரித்துப் பார்த்தீர்களா? பத்மினி 2000-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை தயாரிப்பில் இருந்த வண்டி. அரிய பொருள் அல்ல. பழைய காரின் விலை அதை விரும்பும் ஒருவர் வந்து நிற்கும் நாளில் மட்டும் உண்டு. மகளின் கல்லூரிக் கட்டணம் குறித்த தேதியில் வந்துவிடும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது என்பது ஒரு சிறு ஆறுதல். ஆனால் நட்டத்துக்கு விற்றாலும் அதை வேறு எந்த ஆதாயத்திலும் கழித்துக்கொள்ள முடியாது. ஆக, இதை முதலீடு என்ற கணக்கிலேயே எழுதாதீர்கள். இது உங்கள் ஆசைக்கான செலவு, தவறொன்றும் இல்லை.

வாடகை யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு கல்யாண ஊர்வலத்துக்கு அனுப்புவது விதிமீறல். வழியில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அந்த ஒரு காரணமே போதும்.

இப்போது மூன்று வழிகளையும் பார்ப்போம். சீட்டை இன்று எடுத்தால் 1,65,000. 12 மாதம் பொறுத்தால் 1,90,000. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாதத் தவணையை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே இன்றைய 1,65,000-க்கு ஓராண்டில் 25,000 விலை கொடுக்கிறீர்கள். ஆண்டுக்குச் சுமார் 15 சதவீத வட்டி. சீட்டுக் கட்டுகிறவர்கள் இதைக் கடன் என்று நினைப்பதே இல்லை. நகைக் கடனுக்கு வங்கியில் இதைவிடக் குறைந்த வட்டி கிடைக்கும். ஆனால் ஆண்டு முடிவில் மொத்தமாகத் திருப்ப வேண்டிய கடனைப் பாதியில் நிற்கும் காருக்காக வாங்கினால், கெடு வரும்போது கையில் பணமும் இருக்காது, ஓடும் காரும் இருக்காது. அந்த 16 பவுன் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் மனைவியுடையது என்றால், இந்தக் கேள்வியை முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். வைப்புத் தொகையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது மகளுடையது.

மிஞ்சும் 18,000-இல் 10,000 மகளின் படிப்புக்குத் தொடர் வைப்பில் போகட்டும். 8,000 காருக்கு. ஓராண்டில் 96,000 ஆகும். சீட்டு முடிந்து 1,90,000 வரும்போது, மூன்று மாதத்துக்கான வீட்டுக் கடன் தவணையும் குடும்பச் செலவுமாக 1,68,000-ஐ அவசரத் தேவைக்கு ஒதுக்கி வையுங்கள். இப்போது உங்களிடம் அப்படி ஒரு பணமே இல்லை என்பதுதான் கடிதத்தில் என்னை உறுத்தியது. மீதி 22,000 பிரேக்குக்கு ஆகும். அதன் பிறகு சீட்டுத் தவணையும் இல்லை. விருப்பமிருந்தால் காருக்கு மாதம் 12,000 ஆக்கலாம். வேலை முடிய மூன்று ஆண்டு ஆகலாம். ஆகட்டும்.

பட்டறைக்காரர் சொன்ன 1,60,000 மேலே தெரியும் துருவைப் பார்த்துச் சொன்னது. பணத்தை விழுங்குவது உள்ளே இருக்கும் துரு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு, பத்மினிக்குக் கிடையாது. உடல் தகடே மொத்த எடையையும் தாங்குகிறது. எனவே முதல் மாதம் ஒரு ரூபாயும் செலவழிக்காமல் இருக்கைகளையும் தரை விரிப்பையும் எடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்: தரைத் தகடு, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, பேட்டரி உட்காரும் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடம், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம். முன்பு யாராவது பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. தரைத் தகட்டில் ஓட்டை என்றால் மாற்றிவிடலாம். ஸ்பிரிங் மாட்டும் இடமும் கதவடிப் பகுதியும் இரண்டு பக்கமும் உதிர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்த மதிப்பீடு எங்கே போய் முடியும் என்று பட்டறைக்காரருக்கே தெரியாது. நிறுத்துவதானால் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் நிறுத்துங்கள். முழுதாக நிற்கும் பழைய காரை வாங்க ஆள் வருவார்; சாக்குமூட்டைகளில் கிடக்கும் காருக்கு இரும்பு விலைதான்.

வண்டி தேறினால், பிரிப்பது, சுரண்டுவது, துரு நீக்குவது எல்லாம் நீங்களே செய்யலாம். பராமரிப்பு வேலை பார்க்கும் கைக்கு இது புதிதல்ல. பட்டறைக் கூலியில் நேரம் தின்னும் பகுதியும் இதுதான். ஆகவே சுத்தமாக்கிய கூட்டைக் காட்டி, கூலி வேறு, தகடு வேறாக மறுபடி விலை எழுதி வாங்குங்கள். சிறு பாகங்களைச் சலவைச் சோடாத் தண்ணீரில் மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் மின்சாரத்தால் துரு நீக்கலாம். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்தவெளியில் செய்யுங்கள். நேர்மின் முனைக்குச் சாதாரண இரும்பு போதும். எவர்சில்வரைப் போட்டால் நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். தடப்பள்ளி வாய்க்கால் பாசனப் பகுதி என்றால் காற்றிலேயே ஈரம் இருக்கும். துரு நீக்கிய தகட்டுக்கு அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். எடை தாங்கும் இடங்களில் வெல்டிங் மட்டும் உங்கள் வேலை அல்ல. சாதாரணக் குச்சி வெல்டிங் மெல்லிய தகட்டை ஓட்டையாக்கிவிடும், சி.ஓ.டூ (கரியமில வாயு) வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்டும் வீட்டில் வேண்டாம். அதன் ஐசோசயனேட் ஆவி நுரையீரலைக் கெடுக்கும்.

தகடு முடிந்ததும் பிரேக், அப்புறம் இன்ஜின், பெயிண்ட் கடைசி. பலர் பெயிண்டை முதலில் அடித்துவிட்டுப் பணம் தீர்ந்து நிற்கிறார்கள். இன்ஜினைச் செய்யும்போதே பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃபிரம், கார்புரேட்டர் கேஸ்கட்டுகளை எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுத்துவிடும்.

2027-இல் காருக்கு 50 ஆண்டு நிறைந்ததும், 2021 விதிகளின்படி பழம்பெரும் வாகனமாகப் பதியலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். குடும்பத்தோடு பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போக நினைத்தால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே சரி. 20 ஆண்டு தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. அதன்மேல் தாமதக் கட்டணமும் பசுமை வரியும் உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும்போதே மொத்தத் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இது வரும்.

சாலையில் முதல் சோதனை ஓட்டத்துக்கு முன்பே மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். முழுக் காப்பீடு எடுப்பதாக இருந்தால், இவ்வளவு பழைய வண்டியின் மதிப்பு நீங்களும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்வதுதான். இன்றிலிருந்து வாங்கும் ஒவ்வொரு பாகத்தின் பில்லையும் வேலையின் ஒவ்வொரு கட்டப் படத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். அந்தப் பேச்சில் உங்கள் பக்கம் இருக்கும் ஆதாரம் அது மட்டும்தான்.