முதலில் வாடகை வீடு, அதுவும் உங்கள் பெயரில்

கேள்வி: நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் நிரந்தர வதிவிட உரிமையுடன் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஸ்காபரோவில் கணவரின் தமையனார் வீட்டுப் பேஸ்மென்டில் இருக்கிறோம். சமையலறை மேலே, அவர்களுக்கும் எங்களுக்கும் பொது. புறப்படும் வரை நாங்கள் குடியிருந்த என் சீதன வீட்டை விற்ற காசு ஓரளவு கையில் இருக்கிறது. கணவருக்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் முழுநேர வேலை கிடைத்தது. வாடகைக்கு வீடு தேடினால் கிரெடிட், அதாவது கடன் வாங்கிக் கட்டிய வரலாறு, இல்லை என்கிறார்கள். ஒருவர் ஓராண்டு வாடகையை முன்கூட்டியே கேட்டார். தமையனாரோ, வாடகை கொடுப்பது காசைக் கரைக்கிற வேலை, வீட்டை இப்போதைக்குத் தன் பெயரில் வாங்கலாம், இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். கணவருக்குச் சம்மதம். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுத்தால் குடும்பத்தில் மனஸ்தாபம் வரும். என்ன செய்வது?
ஸ்காபரோ வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மனம் ஒப்பாததற்குத் தக்க காரணம் இருக்கிறது. தமையனாரின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. ஆனால் அவர் சொல்லும் வழி உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் கேடாக முடியக்கூடியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வாடகைக்குப் போங்கள். ஒப்பந்தம் உங்கள் இருவரின் பெயரிலும் இருக்கட்டும். வீடு வாங்கும் காலம் வரும்போது அதையும் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

தமையனார் பெயரில் வாங்கினால் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்போம். அவருக்கு ஏற்கெனவே சொந்த வீடு இருக்கிறது. இரண்டாவது வீட்டுக்கு மோட்கேஜ் எனப்படும் வீட்டுக் கடன் கேட்கும்போது அதில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று வங்கி கேட்கும். குறைந்த டவுன் பேமென்டில், அதாவது கையிலிருந்து போடும் குறைந்த முன்பணத்தில், கடன் கிடைப்பதற்காக நானே இருக்கப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அது பொய் வாக்குமூலம். நம்மவர்களிடையே சர்வசாதாரணமாக நடப்பதாகச் சொல்லப்பட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது மோசடிதான். உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் வீட்டு விலையில் 20 விழுக்காட்டை முன்பணமாகக் கேட்பார்கள். அதன்பின் அந்த வீடு சட்டப்படி அவருடைய சொத்து. அவருக்கு வியாபாரக் கடன் ஏறினால் கடன் கொடுத்தவர்கள் அந்த வீட்டின் மீதும் கை வைக்கலாம். மணமுறிவு வந்தால் அது அவருடைய சொத்துக் கணக்கில் வரும். அவர் காலமானால் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். உங்கள் காசில் வாங்கியது என்று நீதிமன்றத்தில் நிறுவ முடியாது என்றில்லை, ஆனால் அதற்கு வழக்கறிஞர் வேண்டும், வருடங்கள் வேண்டும், உறவு முறிய வேண்டும்.

எல்லாம் நல்லபடியாக நடந்து, மூன்றாவது வருடம் அவர் சொன்ன சொல் தவறாமல் மாற்றித் தர வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் குடியிருக்காத வீடு என்பதால், விலை ஏறியிருந்தால் அந்த ஏற்றத்துக்கு அவர் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டியிருக்கும். சகோதரர்களுக்கிடையே கைமாறும் சொத்தை, நீங்கள் ஒரு சதமும் கொடுக்காவிட்டாலும், சந்தை விலைக்கு விற்றதாகவே கனடா வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும். மோட்கேஜையும் நீங்கள் பொறுப்பேற்றால், அந்தக் கடன் தொகைக்கு லாண்ட் ட்ரான்ஸ்ஃபர் டாக்ஸ் எனப்படும் காணி மாற்ற வரியை இரண்டாம் முறையும் கட்ட வேண்டும். வாடகை கொடுப்பது காசைக் கரைப்பது என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லாக வந்து போன சீதன வீடு. முதல் வீடு வாங்குவோருக்கு ஒன்ராறியோ மாகாணம் காணி மாற்ற வரியில் 4,000 டொலர் வரையும், ரொறன்ரோ நகரம் தன் வரியில் 4,475 டொலர் வரையும் கழித்துத் தருகின்றன. ஆனால் அதற்கான நிபந்தனை, உலகில் எங்குமே நீங்கள் வீடு வைத்திருந்திருக்கக் கூடாது என்பது. கணவன் மனைவியாக இருந்த காலத்தில் ஒருவருக்கு வீடு இருந்திருந்தால் மற்றவருக்கும் அந்தச் சலுகை இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்து வீடு உங்கள் பெயரில் இருந்ததால் இந்தக் கழிவு உங்கள் கணவருக்கும் கிடைக்காது. இதைச் சொல்லாமல் யாராவது உங்களுக்குச் செலவுக் கணக்குக் காட்டினால் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

2023 ஏப்ரலில் தொடங்கிய முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கின் நிலை வேறு. எஃப்.எச்.எஸ்.ஏ. என்று வங்கிகளில் சொல்லப்படும் இந்தக் கணக்கில் ஒருவர் ஆண்டுக்கு 8,000 டொலர் வீதம், மொத்தம் 40,000 டொலர் வரை போடலாம். போடும் தொகை வருமான வரியில் கழியும், வீடு வாங்க எடுக்கும்போதும் வரி இல்லை. கணக்குத் திறக்கும் ஆண்டிலும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலும் உங்களுடையதோ துணைவருடையதோ ஆன வீட்டில் நீங்கள் குடியிருந்திருக்கக் கூடாது என்பது விதி. வெளிநாட்டு வீடும் இதில் அடங்கும். ஆகவே இன்று உங்கள் இருவருக்கும் இது திறக்காது. அந்த நான்கு ஆண்டுகள் கழிந்தபின் திறக்கும். காத்திருப்பதால் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது இது. அவசரப்பட்டு இப்போதே வாங்கிக் குடியேறினால் இதுவும் போய்விடும்.

இப்போதே வாங்குவதானால் கையில் எவ்வளவு வேண்டும் என்பதற்கு 800,000 டொலர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 500,000க்கு 5 விழுக்காடு, மீதி 300,000க்கு 10 விழுக்காடு, ஆகக் குறைந்த டவுன் பேமென்ட் 55,000 டொலர். 20 விழுக்காட்டுக்குக் குறைவாகப் போடுவதால் மோட்கேஜ் காப்புறுதி கட்டாயம். 25 வருடக் கடனுக்கு 4 விழுக்காடு, அதாவது 29,800 டொலர், கடனோடு சேர்ந்துவிடும். அந்தக் காப்புறுதிக்கு ஒன்ராறியோ அறவிடும் 8 விழுக்காட்டு விற்பனை வரி, 2,384 டொலர், கடனில் சேராது. காசாகத்தான் கட்ட வேண்டும். மாகாணத்தின் காணி மாற்ற வரி 12,475 டொலர். வீடு ரொறன்ரோ எல்லைக்குள் இருந்தால் நகரமும் அதே 12,475 டொலரை இன்னொரு முறை எடுக்கும். ஸ்காபரோ ரொறன்ரோவுக்குள் அடங்கும். ஸ்டீல்ஸ் அவெனியூவைக் கடந்து வடக்கே மார்க்கமில் வாங்கினால் இரண்டாவது வரி இல்லை. வழக்கறிஞர் கட்டணம், வீட்டுப் பரிசோதனை, குடிபோகும் செலவு இவற்றுக்கு மேல். இவ்வளவும் கட்டியபின் வேலை போனால் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கக் கையில் காசு மிஞ்சுமா என்பதைத்தான் நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டும். வங்கியும் உங்கள் வட்டி வீதத்தோடு 2 விழுக்காடு கூட்டியோ, 5.25 விழுக்காட்டிலோ, எது அதிகமோ அதில் உங்களால் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் கடன் தரும். மூன்று மாத வேலையை வைத்து அந்தப் பரீட்சையைத் தாண்டுவது கடினம்.

இனி வாடகைக்கு வருவோம். ஓராண்டு வாடகையை முன்கூட்டியே கேட்டவருக்கு அப்படிக் கேட்க உரிமை இல்லை. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி வீட்டுக்காரர் வாங்கக்கூடிய வைப்புப் பணம் கடைசி மாத வாடகை ஒன்றுதான். அதற்கும் அவர் ஆண்டுதோறும் வட்டி தர வேண்டும். பொருட்கள் சேதமானால் என்று சொல்லித் தனியாக வைப்புப் பணம் வாங்க முடியாது. வரும் மாதங்களுக்குத் திகதியிட்ட பன்னிரண்டு காசோலைகளை அவர் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. கிரெடிட் வரலாறு மோசமாக இருப்பது வேறு, அப்படி ஒரு வரலாறே இல்லாமல் இருப்பது வேறு. இல்லாமையை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே ஒன்ராறியோ மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. பிள்ளைகள் இருப்பதைக் காரணம் காட்டி மறுப்பதும் மனித உரிமைச் சட்டத்துக்கு மாறானது. இதையெல்லாம் வீடு பார்க்கப் போன இடத்தில் நின்று வாதிட்டால் அந்த வீடு கிடைக்காது என்பதை நான் அறியாமல் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறாரே என்று ஓராண்டுக் காசைத் தூக்கிக் கொடுக்காமல் அடுத்த வீட்டைப் பார்க்கப் போகும் தைரியத்தையாவது இந்த அறிவு உங்களுக்குத் தர வேண்டும்.

போகும்போது வேலைக் கடிதம், கடைசிச் சில சம்பளச் சிட்டைகள், வங்கிக் கணக்கு விபரம், வதிவிட உரிமைப் பத்திரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் கொண்டு போங்கள். தமையனாரின் உதவியை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். வீட்டைத் தன் பெயரில் வாங்குவதைவிட, உங்கள் லீஸுக்கு, அதாவது வாடகை ஒப்பந்தத்துக்கு, அவர் பிணை நிற்பது எவ்வளவோ சிறிய பாரம். வீட்டுக்காரருக்கும் பெரும்பாலும் அது போதும்.

பேஸ்மென்டானால் பகலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அங்கே நீர் கசிகிறது என்று பொருள். புதிதாகப் பெயின்ட் அடித்த மூலையைக் கையால் தொட்டுப் பாருங்கள். தீப்பிடித்தால் ஆள் வெளியேறக்கூடிய அளவில் ஜன்னல் அல்லது வேறு வழி இருக்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனொக்சைடு கருவியும் வேலை செய்கின்றனவா, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் யார் கையில் இருக்கிறது, ஹைட்ரோ பில் எனப்படும் மின்கட்டணத்தில் உங்கள் பங்கு எத்தனை விழுக்காடு என்பவற்றைக் கேட்டு, பங்கை ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். சமையலறையையோ குளியலறையையோ வீட்டுச் சொந்தக்காரரோடு பகிர வேண்டிய இடத்தை எடுக்க வேண்டாம், ஏனெனில் அப்படிப்பட்ட இடங்களுக்கு மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு எதுவும் பொருந்தாது. இப்போது நீங்கள் இருக்கும் இடமும் அப்படித்தான்.

ஒப்பந்தம் ஒன்ராறியோ அரசின் பொதுப் படிவத்தில் இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு அது கட்டாயம். வாடகையை 12 மாதங்களுக்கு ஒருமுறைதான், 90 நாள் எழுத்து அறிவித்தலுடன்தான் கூட்டலாம். மாகாணம் அறிவிக்கும் உச்சவரம்பு 2025இல் 2.5 விழுக்காடு, 2026இல் 2.1 விழுக்காடு. 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியேறிய இடங்களுக்கு அந்த உச்சவரம்பு இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பளபளக்கும் புதிய பேஸ்மென்டும் இதில் சேரலாம், எனவே எப்போது கட்டியது என்று கேளுங்கள். ஓராண்டு முடிந்ததும் வெளியேற வேண்டும், அல்லது புதிதாகக் கையெழுத்திட வேண்டும் என்று சொன்னால் அது சரியல்ல. ஒப்பந்தம் தானாகவே மாதத்துக்கு மாதம் தொடரும், பின்னர் நீங்கள் 60 நாள் அறிவித்தல் கொடுத்து வெளியேறலாம். வீடு வாங்கும் காலத்தில் இது உங்களுக்கு வசதியாக இருக்கும்.

வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். கேட்டால் இலவசமாகத் தர வீட்டுக்காரர் கடமைப்பட்டவர். வருமான வரிப் படிவத்தில் வாடகையைக் காட்டினால், வருமானத்தைப் பொறுத்து ஒன்ராறியோவின் சலுகைத் தொகைக்கும் உங்களுக்குத் தகுதி வரலாம். கிரெடிட் கார்ட் ஆளுக்கொன்று எடுத்து, சிறு செலவுக்குப் பயன்படுத்தி, மாதாமாதம் முழுவதையும் கட்டி வாருங்கள். கணவர் பெயரில் மட்டும் எல்லாவற்றையும் எடுத்தால் உங்களுக்கு வரலாறு உருவாகாது.

வீடு விற்ற காசில் இன்னும் ஏதாவது ஊரில் இருந்தால் அதை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு மாற்றும் முறையில், அனுப்பச் சொல்லாதீர்கள். பின்னாளில் வங்கி டவுன் பேமென்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்கும். வழக்கமாகக் கடைசி 90 நாள் கணக்கையும் பார்க்கும். விற்பனை உறுதியின் பிரதியும் வங்கி வழியாக வந்த பதிவும் இருந்தால் அங்கே தடை இல்லை. வெளிநாட்டிலிருந்து 10,000 டொலரோ அதற்கு மேலோ வரும் தொகையை வங்கி அரசுக்கு அறிவிப்பது வழமையான நடைமுறை. அதைக் கண்டு பயந்து துண்டு துண்டாக அனுப்பினால்தான் சந்தேகம் எழும்.

தமையனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குப் படுகிறது. நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் தம்பி சொல்லட்டும். உங்கள் பெயருக்கு வரி வரும், உங்கள் மோட்கேஜுக்கும் இடைஞ்சல், அது வேண்டாம் அண்ணா, லீஸுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்று அவர் கேட்டால் மறுப்பதற்குப் பதில் வேறொரு உதவியைக் கேட்டதாகவே அது ஆகும். அதற்கு முன் கணவர் இதை ஏற்றுக்கொள்ள வேண்டுமல்லவா? குடும்ப உறவு எதுவும் இல்லாத காணி வழக்கறிஞர் ஒருவரிடம் இருவரும் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்துப் பேசிவிட்டு வாருங்கள். தமையனாருடைய வழக்கறிஞராகவோ, வீட்டு முகவர் கைகாட்டியவராகவோ அவர் இருக்க வேண்டாம். தமையனாரின் யோசனையை அப்படியே விவரித்து, எங்கள் காசு எங்களுடையது என்பதற்கு இதில் என்ன அத்தாட்சி இருக்கும் என்ற ஒரு கேள்வியை உங்கள் கணவரே கேட்கட்டும்.