கேளுங்கள், தெரிந்தால் சொல்கிறேன்: பேஸ்போல் பைத்தியங்களும் ரிவிப் போட்டியும்

சென்ற இதழில் உப்புவெளி அம்மா ஒருவருடைய கடிதத்தில் இரண்டு வரியை மட்டும் போட்டுவிட்டு, இடமில்லை, பதில் அடுத்த முறை என்று எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கே பேஸ்போல் பற்றி இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவேயில்லை. திருகோணமலையில் கிரிக்கெட்டுக்கும் உதைபந்துக்கும் அடிபடுகிறவர்களைத்தான் தெரியும், இப்போது இது வேறா! சரி, இந்த முறை முழுக்க அதுதான். சமையல், சாத்திரம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் பதினொராம் ஆண்டு. ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பி ஒரு நீலத் தொப்பி அனுப்பினான், அன்று பிடித்தது அந்த ஊர் பேஸ்போல் அணியான புளூ ஜேஸ் மேல் பைத்தியம். படிக்க எழுப்பினால் ஆறு மணிக்கும் அசையமாட்டான், மேட்ச் என்றால் விடிய நாலரைக்குத் தானாக எழும்பிப் போனும் கையுமாக இருக்கிறான். ரசிகர்களை வைத்து ஷோ நடத்துகிறார்களாம், மேட்ச் பார்க்கிறதற்கே காசு கொடுப்பார்களாம், தான் அதற்குப் போகப் போகிறானாம். இப்படியும் ஒரு வேலை உண்டா, இல்லை என்னைப் பேய்க்காட்டுகிறானா?
— ஓர் அம்மா, உப்புவெளி

பதில்: பேய்க்காட்டவில்லை அம்மா. இப்போது இல்லை, ஆனால் இருந்தது. 2011இல் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்போல்காரர்கள் நியூயோர்க்கில், பிராட்வேயும் நாலாம் தெருவும் சந்திக்கும் மூலையில், பழைய இசைத்தட்டுக் கடை ஒன்று இருந்த கட்டடத்தை எடுத்து, ‘ஃபேன் கேவ்’ என்று பெயர் வைத்தார்கள். ரசிகர் குகை என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த ஆயிரக்கணக்கானவர்களில் இரண்டு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஒருவர் யாங்கீஸ் ரசிகர், மற்றவர் ஓரியோல்ஸ் ரசிகர். வேலை என்ன தெரியுமா? அந்தப் பருவத்தின் எல்லா மேட்சையும் பார்க்க வேண்டும். எல்லாம் என்றால் எல்லாம்தான்.

அது எத்தனை என்று மகனிடம் கணக்காகக் கொடுங்கள், சோதனைக்கும் உதவும். 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணி என்பதால் இரண்டால் பிரித்தால் 2430. அந்தக் காலத்தில் ஓர் ஆட்டம் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் ஓடும். ஒன்று முடிய அடுத்தது என்று சாப்பிடாமல் தூங்காமல் பார்த்தாலும் 300 நாளுக்கு மேல் வரும், பருவமோ ஆறு மாதந்தான். அதனால் சுவர் நிறைய ரிவிகளை மாட்டி, ஒரே நேரத்தில் பல ஆட்டங்களை ஓட விட்டார்கள். வீதியால் போகிற சனம் கண்ணாடிக்கு வெளியே நின்று இவர்களைப் பார்க்கும். இவர்கள் ஆட்டத்தைப் பார்க்க, ஊர் இவர்களைப் பார்க்க. கடல்முகத் தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் வடையை நின்று பார்ப்போமே, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

2012இலிருந்து அது முழுசாகப் போட்டி மாதிரி ஆனது. கூடுதல் பேரை உள்ளே விட்டு, பருவம் போகப் போக ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, கடைசியில் மிஞ்சுகிறவர் வென்றவர். 2014இல் எம்ரிவி2 அலைவரிசையில் அங்கிருந்தே ஒரு நிகழ்ச்சியும் போனது. அந்தப் பருவத்தோடு மூடிவிட்டார்கள்.

அம்மா, ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நியூயோர்க்கில் இரவு ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் விடிய நாலரை. சூடை, கீரி மீன் விற்கிறவர் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவதற்கு முன்பே உங்கள் பிள்ளை முதல் இன்னிங்ஸ் பார்த்து முடித்திருப்பான். அவனுக்கு அதில் இருக்கிற சந்தோஷமே, யாரும் பார்க்கச் சொல்லாமல் பார்ப்பதுதான். இதையே நாளுக்குப் பத்து ஆட்டம் கட்டாயம் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுப் பகிடியாக எழுதவும் வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றால், மூன்றாம் கிழமை அவனே தொப்பியைக் கழற்றி வைத்துவிடுவான் என்பது என் ஊகம். படிப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அதை நீங்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதானே இருப்பீர்கள்.

கேள்வி: ரசிகர்களை வைத்து நடத்தும் போட்டிகளில் ஆட்டத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர்தானே வெல்ல வேண்டும்? அப்படி நடக்கிறதா?
— வாசகர், கிண்ணியா

பதில்: வினாவிடைப் போட்டி என்றால் நடக்கும். மற்றதில் எங்கே!

இதை நான் பேஸ்போலில் கற்கவில்லை. சில வருடத்துக்கு முன் என் மருமகளை ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் முதல் தெரிவுக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரவு பஸ். விடிய இறங்கி, ஒரு பாடசாலை மண்டபத்தில் முகம் கழுவி, வரிசையில் நின்றால் வெயில் ஏறி உச்சிக்கு வந்தும் வரிசை நகரவில்லை. நல்லாகப் பாடுவாள். ஒரு பல்லவி, பாதி அனுபல்லவி, அதோடு கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். கடல் தொழில் என்றாள். உடனே மேசையில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். வள்ளம் சொந்தமா, கடன் இருக்கா, கடலில் ஏதும் ஆபத்து நடந்ததா, அப்பாவை நினைத்து அழுதிருக்கிறீர்களா? இவள் மண்டு, “இல்லை, அப்பா நல்லா இருக்கிறார், போன மாதம்தான் புது எஞ்சின் போட்டவர்” என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். அவ்வளவுதான், நன்றி, அடுத்தவர். பாட்டுக்காக யாரும் அவளைக் கழிக்கவில்லை, எஞ்சினுக்காகக் கழித்தார்கள். திரும்பி வரும் வழியில் ஹபறணையில் பஸ் நின்றபோது இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள், நான்தான் திருகோணமலை வரும்வரை புறுபுறுத்துக்கொண்டு வந்தேன்.

ரசிகர் போட்டியும் இதே கடைச் சரக்குத்தான். 1993ஆம் ஆண்டு உலகத் தொடரை (பேஸ்போல் பருவத்தின் இறுதித் தொடர்) வென்ற பந்தை யார் அடித்தார் என்று தெரிந்த ஆயிரம் பேர் இருப்பார்கள் (ஜோ கார்ட்டர், புளூ ஜேஸ்). அதைச் சொல்லும்போது எவருடைய முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறதோ அவரைத்தான் எடுப்பார்கள்.

கேள்வி: பாடசாலையில் எல்லே விளையாட்டுப் பழக்குகிறேன். பேஸ்போல் என்பது நம் எல்லேயைத்தான் வெள்ளைக்காரன் கொண்டுபோய் மாற்றியது என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். சரிதானே?
— ஆசிரியர், தம்பலகாமம்

பதில்: சரியில்லை சேர். பேஸ்போல் இங்கிலாந்தில் சிறுவர்கள் விளையாடிய மட்டைப்பந்து ஆட்டங்களிலிருந்து வந்தது. எல்லே நம் தீவில் தன்பாட்டில் வளர்ந்தது. ஆனால் இரண்டுக்கும் பொருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன், கேளுங்கள்.

எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்தால் எறிந்து அவுட் ஆக்கலாம், இல்லையா? சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் எனக்கு முதுகில் விழுந்த ரெனிஸ் பந்து இப்போதும் நினைவிருக்கிறது. எறிந்தவன் என் சொந்த மச்சான், வேண்டுமென்றே எறிந்தான். அமெரிக்காவிலும் பழைய காலத்தில் அப்படித்தான், ஓடுகிறவனைப் பந்தால் அடித்து வெளியேற்றுவார்கள். 1845இல் நியூயோர்க்கில் நிக்கர்பொக்கர் என்ற கழகம் விதிகளை எழுதியபோது, ஓடுகிறவன் மேல் பந்தை எறியவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அந்தத் தடை வந்த பிறகு கடினமான பந்தைப் பாவிக்க வழி பிறந்தது. பந்து கடினமாக, அடி தூரம் போனது, மைதானம் பெருத்தது, பேஸ்போல் இன்றைய பேஸ்போல் ஆனது. நாம் எறிகிற பழக்கத்தை விடவில்லை, ரெனிஸ் பந்தையும் விடவில்லை, மூங்கில் தடியையும் விடவில்லை. பெடியளுக்கு இதைச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லிவருகிற கதையை விட இது ருசி. பேஸ்போலை நேரில் காட்ட வேண்டும் என்றால் அமெரிக்கா போகத் தேவையில்லை, ஜப்பான் உதவியோடு கட்டிய மைதானம் ஹோமாகமவுக்குப் பக்கத்தில் தியகமவில் இருக்கிறது.

கேள்வி: பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் பேஸ்போல் ரியாலிட்டி ஷோவில் வெல்ல முடியுமா?
— கபடி வீரன், மூதூர்

பதில்: முடியும், இரண்டு பேர் செய்து காட்டினார்கள், அதுவும் பக்கத்து நாட்டில். 2008இல் ஜே.பி. பேர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவர் இந்தியாவில் ‘மில்லியன் டொலர் ஆர்ம்’ என்று ஒரு ரிவிப் போட்டி வைத்தார். யார் வேகமாகவும் நேராகவும் பந்தை எறிகிறார்கள் என்பதுதான் போட்டி. 37,000 பேருக்கு மேல் வந்து எறிந்தார்கள். கிரிக்கெட் நாடு, பந்துவீச்சாளர்கள்தான் அள்ளப்போகிறார்கள் என்று எவரும் நினைப்பார்கள். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் வந்தது ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்று உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பெடியள் இருவர். இரண்டு பேரும் ஈட்டி எறிகிறவர்கள். ரிங்கு மணிக்கு 87 மைலில் எறிந்தார், நம் கணக்கில் 140 கிலோமீற்றர். பரிசு ஒரு லட்சம் டொலர். பெயரில் இருந்த மில்லியன் பெயரோடு நின்றுவிட்டது, கவனித்தீர்களா, ரிவிக்காரர் எந்த நாட்டிலும் ரிவிக்காரர்தான்.

பிறகு அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்து, அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. மேஜர் லீக் வரை இருவரும் ஏறவில்லை, கீழ் மட்டத்து அணிகளில்தான் ஆடினார்கள். தினேஷ் ஊர் திரும்பினார். ரிங்கு காயங்களோடு பல வருடம் இழுபட்டு, 2018இல் மல்யுத்தப் பக்கம் தாவினார். டபிள்யூ.டபிள்யூ.இ. பார்க்கிற உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளையிடம் வீர் மஹான் யார் என்று கேளுங்கள், நெற்றியில் பட்டையோடு நின்ற அந்த ஆள்தான் ரிங்கு.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை. ஆட்டத்தை உயிராக நேசித்தவனைக் கண்ணாடிக்குள் உட்கார்த்தி ரிவி பார்க்க வைத்தார்கள், ஆட்டத்தின் பெயரே தெரியாதவனை மைதானத்தில் இறக்கினார்கள். கபடி ஆடுகிற உங்கள் தோள் எப்படி, தம்பி?

கேள்வி: உண்மையான பேஸ்போல் நட்சத்திரம் யாராவது இப்படியான ஷோவில் தலைகாட்டி இருக்கிறாரா?
— ஓய்வுபெற்றவர், ஓர்ஸ்ஹில்

பதில்: ஜெஃப் கென்ட். 2000இல் மேஜர் லீக்கின் இரண்டு பிரிவில் ஒன்றான நஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர், சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ். 2012இல் பிலிப்பைன்ஸில் எடுத்த ‘சர்வைவர்’ போட்டிக்கு, ஆட்களைத் தீவில் விட்டு ஒருவரை ஒருவர் வாக்குப் போட்டு வெளியேற்ற வைப்பார்களே அதற்கு, போய், தான் யார் என்பதை மறைத்துக்கொண்டார். பணக்காரன் என்று தெரிந்தால் பரிசை ஏன் இவனுக்கு என்று மற்றவர்கள் கழித்துவிடுவார்களே, அந்தப் பயம். கூட இருந்த பெண் ஒருத்தி ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். விளையாட்டுப் பற்றித் தெரியாத மாதிரிக் கேள்வி கேட்டுக் கேட்டு அவரை நெளிய வைத்தாளே தவிர, மற்றவர்களிடம் போட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை, அவருக்கும் கிடைக்கவில்லை. நான் பார்த்த ரியாலிட்டிக் கூத்துகளில் நல்ல ரசிகை என்றால் அவள்தான்.

கேள்வி: ஒரு வரியில் சொல்லுங்கள், கிரிக்கெட்டா, பேஸ்போலா?
— சீனன்குடா

பதில்: மழை வந்தால் இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி: போன இதழில் உப்புவெளி அம்மா என்று வந்தது என் அம்மா. அவ எழுதாத ஒன்று இருக்கிறது. 2025 ஒக்ரோபர் 28 அன்று நான் பள்ளிக்கூடம் போகாததற்குக் காய்ச்சல் என்று சொன்னேன், காய்ச்சல் இல்லை. உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். ஷோ ஏதாவது திரும்ப வந்தால் நான் எப்படி விண்ணப்பிக்கிறது?
— பெயர் வேண்டாம்

பதில்: வழமையாக ஒன்பது இன்னிங்ஸ்தான், அந்த ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது தம்பி, ஆறரை மணித்தியாலத்துக்கு மேல். விடிய ஐந்தரைக்குத் தொடங்கி மத்தியானச் சோறு வரைக்கும் உனக்குக் காய்ச்சல் இருந்திருக்கும். அதுவும் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் தோற்றீர்கள். இனி ஒளிக்க ஏலாது, அம்மா இந்தப் பக்கத்தைக் கட்டாயம் வாசிப்பா.

‘சர்வைவர்’ போன்றவற்றுக்கு அமெரிக்க அல்லது கனேடியப் பிரஜையாக இருக்க வேண்டும், ஆகவே மாமா போகலாம், நீ போக ஏலாது. ஆனால் இந்த மாதிரி எந்தப் போட்டிக்கும் முதலில் கேட்பது ஒரு சின்ன வீடியோ. அதை இப்போதே பழகு. நவம்பர் 2ஆம் திகதி ஞாயிறு விடிய நடந்த ஏழாவது ஆட்டத்தை எடுத்துக்கொள். ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டே பேரை வெளியேற்றினால் கிண்ணம் ரொறன்ரோவுக்கு என்ற இடத்தில் டொட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் ஆட்டத்தைச் சமமாக்கி அடித்த அடி, அப்புறம் பதினொராவதில் உங்கள் கேர்க்கின் மட்டை முறிந்து பந்து உருண்டு போக, டொட்ஜர்ஸின் பெட்ஸ் இரண்டாம் தளத்தை மிதித்து முதலாம் தளத்துக்கு எறிந்து எல்லாவற்றையும் முடித்தானே, அந்த இரண்டையும் உன் அம்மம்மாவுக்குச் சொல்லு. ஹோம் ரன், டபிள் பிளே என்ற சொல் வரக்கூடாது, அவவுக்கு எல்லே தெரியும், அதை வைத்துச் சொல்லு. இரண்டு நிமிடம் போதும். போனை வேறு யாரிடமாவது கொடு, உன்னை எடுக்க வேண்டாம், அம்மம்மாவின் முகத்தை எடுக்கச் சொல்லு. எடுத்தால் எனக்கும் அனுப்பு.