ஸ்ட்ரெய்ட்டனிங்கை விட்டு 16 மாதம்: சுருட்டையைத் தொடர்ந்து வளர்க்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. பிறவியிலேயே நல்ல சுருட்டை முடி. கல்லூரி இரண்டாம் ஆண்டிலிருந்து வருடத்துக்கு ஒரு முறையாவது பார்லரில் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துவந்தேன். சொந்த முடியே வளரட்டும் என்று நிறுத்தி 16 மாதம் ஆகிறது. இப்போது மேலே சுருட்டை, கீழே கோரை. சீப்பு வைத்தால் நடுவில் பட்பட்டென்று அறுகிறது. ஆவணியில் டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒன்றரை மாதமாகத் தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் கொத்துக் கொத்தாகக் கொட்டவும் செய்கிறது. வைகாசியில் எனக்குக் கல்யாணம். "தலையை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக்கச் சொல்லுங்க" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பார்லர் அக்கா, "விட்டதால்தான் கொட்டுது, வேர்ப்பக்கம் மட்டும் ஒரு டச்-அப் செய்தால் நின்றுவிடும்" என்கிறார். ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தால் புற்றுநோய் வரும் என்றும் படித்தேன். தொடரட்டுமா, பழையபடி நேராக்கிக்கொள்ளட்டுமா?

வாசகி, திருப்பூர்

பதில்: முடி கொட்டுவது வேறு, முடி உடைவது வேறு. உங்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே பிரச்சினையாகப் பார்ப்பதால்தான் இத்தனை குழப்பம்.

முதலில் கொட்டுவதைப் பார்ப்போம். டெங்குவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி டயட் என்று உடம்பை உலுக்குகிற எது வந்தாலும், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரிய பங்கு வளர்ச்சியை நிறுத்திவிட்டு ஓய்வு நிலைக்குப் போய்விடும். போன உடனே அவை விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக விழும். அதற்குள் காய்ச்சல் வந்ததையே நாம் மறந்திருப்போம். ஆவணியில் காய்ச்சல், கார்த்திகையில் கொட்ட ஆரம்பித்தது என்றால் கணக்கு சரியாக வருகிறது. மருத்துவத்தில் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்போம். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். விழுந்த முடிக்கு அடியில் புது முடி முளைக்கத் தொடங்கியிருக்கும். நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாக முடி நிற்பதைக் கண்ணாடியில் பார்த்தீர்களானால், அது நல்ல அறிகுறி.

ஸ்ட்ரெய்ட்டனிங்கை நிறுத்தியதால் முடி வேரோடு கொட்டாது. பார்லர் அக்கா சொல்வது சரியில்லை. டச்-அப் செய்தால் கொட்டுவது நிற்கவும் நிற்காது. முடி தலையை விட்டு வெளியே வந்த பிறகு அது உயிரில்லாத புரத இழை. அதன் மேல் பூசும் மருந்து, வேர் எப்போது முடியை விடவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்லை.

நான் சொல்வதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அடுத்த முறை தலை வாரும்போது சீப்பிலும் தரையிலும் கிடப்பதை எல்லாம் சேகரித்து, கருப்புத் துணி ஒன்றில் பரப்பிவையுங்கள். நீளமாக, ஒரு முனையில் மிளகைவிடச் சிறிய வெளிறிய குமிழோடு இருந்தால் அது வேரிலிருந்து விழுந்தது. துண்டு துண்டாக, குமிழ் இல்லாமல், முனை சிலும்பி இருந்தால் அது நடுவில் உடைந்தது. உடைந்த துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் சுருட்டை கொஞ்சம், நேர்முடி கொஞ்சம் என்று இரண்டும் சேர்ந்திருக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்துக்கு அருகில்தான் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் அங்கே? முடியின் புரதமான கெரட்டினை உறுதியாக, அதன் வடிவத்தில் பிடித்துவைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். பார்லரில் முதலில் பூசும் கிரீம், பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட், அந்தப் பிணைப்புகளை உடைக்கும். அப்புறம் 180 டிகிரி அளவுக்குச் சூடான அயர்னால் இழுத்து நேராக்குவார்கள். கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசரை ஊற்றிப் பிணைப்புகளைப் புதிய வடிவத்தில் மறுபடி ஒட்டவைப்பார்கள். எல்லாப் பிணைப்பும் திரும்ப ஒட்டுவதில்லை. வருடக்கணக்கில் இதைச் செய்த முடி, பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பலவீனம்தான். அதன் மேலே இப்போது கெமிக்கலே படாத, வலுவான, சுருண்டு இழுக்கிற முடி வளர்ந்திருக்கிறது. நைந்த துணியோடு புதுத்துணியைச் சேர்த்துத் தைத்தால் தையல் ஓரத்தில் கிழிவது போலத்தான் இதுவும்.

இந்த இரண்டு பதத் தலையைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள். அங்கே தலைமுறைகளாகப் பயன்படுத்தப்பட்ட, முடியை நேராக்கும் ரிலாக்சர் கிரீம், நம் ஊர் கிரீமைவிடக் கடுமையானது. பல வகைகளில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடாவே இருக்கும். அதை விட்டு இயற்கை முடிக்குத் திரும்புகிறவர்கள் இரண்டு வழியில் போகிறார்கள். ஒரே நாளில் நேர்முடி முழுவதையும் வெட்டிவிடுவது ஒன்று. இதற்கு பிக் சாப் என்று பெயர். மாதக்கணக்கில் வளர்த்து, கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வருவது இன்னொன்று. முடியின் தோற்றத்துக்காக வேலையிடத்தில் யாரும் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2019-ல் கலிஃபோர்னியா மாகாணம் சட்டமே போட்டது. கிரவுன் சட்டம் என்பார்கள். சுருட்டை என்றாலே 'சரி பண்ண வேண்டிய தலை' என்று பார்க்கும் பார்வை திருப்பூரில் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் முடிக்கு நோய் எதுவும் இல்லை. அது சுருட்டை, அவ்வளவுதான்.

சரி, தொடரலாமா? என் பதில்: தொடருங்கள். 16 மாதம் கடந்தது சாதாரண விஷயம் இல்லை. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடுதலாகவும் வளரும். அந்தக் கணக்கில் உங்கள் சொந்த முடி, இழுத்துப் பிடித்தால் ஏறக்குறைய 18 செ.மீ. வந்திருக்கும். ஆனால் உடைகிற பழைய முடியைக் கடைசிவரை தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. நேர்முடி இன்னும் 25 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 3 செ.மீ. வெட்டினால் ஒன்றரை வருடத்துக்குள் முழுவதும் போய்விடும். அதற்குள் சுருட்டை 38 செ.மீ. பக்கம் வந்திருக்கும். சுருண்டு நிற்கும்போது குட்டையாகத் தெரியும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். முதல் ட்ரிம்மை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். சிலும்பிய நுனி போனாலே சிக்கு பாதி குறையும்.

சிக்கெடுப்பதில்தான் நீங்கள் அதிக முடியை இழக்கிறீர்கள் என்பது என் ஊகம். சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் உச்சியிலிருந்து இழுத்து வாருவதை இன்றோடு விட்டுவிடுங்கள். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனிக்குணம் உண்டு: அது முடிக்குள்ளே ஊடுருவி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். ஷாம்பூவை மண்டைத் தோலில் மட்டும் தேயுங்கள். அப்புறம் கண்டிஷனரை நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தாராளமாகப் பூசி, அது தலையில் இருக்கும்போதே முதலில் விரலாலும் பிறகு அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுங்கள். சுருட்டையும் கோரையும் சேரும் இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே சீப்பை ஓட்டினால், இழுவை அந்த இடத்தில் விழாது. துவாலையால் அடித்துத் துவட்ட வேண்டாம். பழைய காட்டன் பனியனால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு கொண்டை போடுவதும் வேண்டாம்.

கொட்டுவதற்கு வேறு காரணமும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ரத்தத்தில் இரும்புச் சத்தையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டி.எஸ்.ஹெச். மூன்றும் போதும். யாராவது சொல்லி பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். தைராய்டு ரிசல்ட்டை அது தப்பாகக் காட்டிவிடும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்து புற்றுநோய் பயம். நீங்கள் படித்தது, அமெரிக்காவில் 'சிஸ்டர் ஸ்டடி' என்ற ஆய்விலிருந்து 2022-ல் வெளியான முடிவாக இருக்கும். 35 முதல் 74 வயது வரையுள்ள 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்தார்கள். 378 பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தது. ஸ்ட்ரெய்ட்டனர் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் அது வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். தொடர்பு இருக்கிறது என்று இது காட்டுகிறது; ஸ்ட்ரெய்ட்டனர்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. எந்த பிராண்ட், என்ன பொருள் என்றும் அதில் கேட்கவில்லை. பங்கேற்ற எல்லாருமே மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு சகோதரி உள்ளவர்கள். வருடத்துக்கு ஒரு முறை செய்துகொண்ட நீங்கள் இதை நினைத்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக வேண்டிய ஸ்கேன் எதுவும் இல்லை. மாதவிடாய் அல்லாத நாளில் ரத்தப்போக்கு வந்தால் மட்டும், ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தவரோ செய்யாதவரோ, மகப்பேறு மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது, 'கெமிக்கலே இல்லை' என்று சொல்லி விற்கப்படும் கெரட்டின், ஸ்மூத்தனிங் வகைகள். சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அல்லது சூடு பட்டதும் அது ஆவியாக வெளிவரும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்யப்பட்டது அது. அயர்ன் வைக்கும்போது கண் எரிந்து தண்ணீர் வழிகிறது, தொண்டை கரகரக்கிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபார்மால்டிஹைடுக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் கிளையாக்சிலிக் அமிலமும் நல்லபிள்ளை இல்லை. 2024-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய குறிப்பு வந்தது. மூன்று முறை அந்த அமிலம் கலந்த கிரீமால் முடியை நேராக்கிக்கொண்டார். மூன்று முறையும் வாந்தி, முதுகுவலி, கூடவே சிறுநீரகப் பாதிப்பு. இஸ்ரேலிலும் இதேபோல் பலர் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். கொட்டிக்கொண்டிருக்கிற தலையில் இப்போது எந்தக் கெமிக்கலும் வேண்டாம். வைகாசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் கொட்டுவது பெரும்பாலும் அடங்கியிருக்கும். முகூர்த்தத்துக்கு எப்படியும் ஜடை பின்னிப் பூ வைக்கப்போகிறீர்கள். பின்னலுக்குள் சுருட்டையா கோரையா என்று யாருக்கும் தெரியாது. சவுரியும் பூவும் சேர்ந்த கனம் மணிக்கணக்கில் தொங்கும் என்பதால், நெற்றி ஓர முடியை இறுக்கி இழுத்துக் கட்டாமல் தளர்வாக விடச் சொல்லுங்கள். ரிசப்ஷனுக்கு விரித்துவிட ஆசை என்றால், நன்றாகக் காய்ந்த முடியில், சூட்டிலிருந்து காக்கும் சீரம் தடவி, குறைந்த சூட்டில் ஒரே ஒரு முறை அயர்ன் செய்துகொள்ளலாம். ஈரமுடியில் சூடான அயர்ன் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் கொதித்துக் குமிழாகி முடியையே வெடிக்கவைக்கும். முன்கூட்டியே ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள். அல்லது சுருட்டையோடேயே நில்லுங்கள். மாப்பிள்ளையிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். அவர் வீட்டார் சொன்னது அவருக்குத் தெரியாமல்கூட இருக்கலாம்.

கல்யாணம் முடிந்து, கொட்டுவது நின்று, அப்போதும் நேர்முடிதான் வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் செய்துகொள்ளுங்கள். அது உங்கள் தலை. ஆனால் ஏற்கெனவே நேராக்கிய பகுதியின் மேல் மருந்து படக்கூடாது. முன்பு என்ன கிரீம் போட்டார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். தயோகிளைகோலேட் போட்ட முடியில் ஹைட்ராக்சைடு வகை ரிலாக்சர் பட்டால் முடி கையோடு வந்துவிடும். தலையில் புண், அரிப்பு இருக்கும்போதும், கருத்தரிக்கத் திட்டமிடும்போதும், கர்ப்ப காலத்திலும் வேண்டாம்.

உச்சி வகிடு அகலமாகிக்கொண்டே போனால், காசு அளவு வழுக்கை தெரிந்தால், தோல் எரிந்தாலோ வழவழவென்று மினுங்கினாலோ, பங்குனி முடிந்தும் கொட்டுவது குறையாவிட்டால், தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். போகும்போது தலைக்குக் குளித்து மூன்று நாளான பிறகு, எண்ணெய் தடவாமல் போங்கள். கருப்புத் துணியில் சேர்த்த முடியையும், ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.