சுவரில் பூஞ்சணம், பிள்ளைக்குத் தொய்வு: வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் வாவிக்குக் கிட்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு வருட ஒப்பந்தம். முத்திரை ஒட்டி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். இரண்டு லட்சம் முற்பணம் கொடுத்திருக்கிறோம். கார்த்திகை மழைக்குப் பிறகு படுக்கையறைச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். ஐந்து வயது மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா) கூடி, இரண்டு தடவை வாட்டில் வைத்தோம். வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஜன்னலத் திறந்து விடுங்க, உள்ளுக்க உடுப்புக் காயப் போடாதீங்க" என்கிறார். லண்டனில் இருக்கும் அண்ணா, அங்கே இதற்கென்றே சட்டம் இருப்பதாகச் சொல்கிறார். வாடகையை நிறுத்தலாமா? வைத்தியச் செலவைக் கேட்கலாமா?

பதில்: முதலில் வாடகை. அதை நிறுத்தாதீர்கள். நிறுத்திய நாளிலிருந்து பேச்சு சுவரைப் பற்றியதாக இருக்காது, உங்கள் நிலுவையைப் பற்றியதாகிவிடும். நியாயம் தங்கள் பக்கம் இருந்தும், கோபத்தில் வாடகையை நிறுத்தி, வெளியேற்றும் வழக்கில் எதிராளியாக வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாடகையைக் கட்டுங்கள், வங்கி வழியாக.

அண்ணா சொல்வது சரிதான். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், பூஞ்சணம் பிடித்த வீட்டில் வளர்ந்த இரண்டு வயதுப் பிள்ளை 2020 இல் இறந்தது. வீட்டுப் பூஞ்சணத்தால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அதன் பிறகுதான் 2023 இல் சட்டம் வந்தது, அதுவும் முதலில் குறைந்த வாடகைக்குக் கொடுக்கப்படும் சமூக வீடுகளுக்கு. இலங்கையில் பூஞ்சணத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டம் இருக்கிறது. குடியிருக்கக் கொடுத்த வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும், அந்த நிலையில் அதை வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்கிறது அது. செய்யாவிட்டால் திருத்தம், வாடகைக் குறைப்பு, நட்டஈடு கேட்கலாம். குறை பெரிதென்றால் ஒப்பந்தத்தையும் முறிக்கலாம்.

இனி வைத்தியச் செலவு. உங்கள் வழக்கில் பலவீனமான இடம் இதுதான், மறைக்க விரும்பவில்லை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், மூக்கடைப்பு, இளைப்பு கூடுதலாகக் காணப்படுவதையும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மோசமாவதையும் உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு: இந்தப் பிள்ளையின் இந்த வருத்தம் இந்தச் சுவரால்தான் வந்ததா? தூசியும் சளிக்காய்ச்சலும் நுளம்புத்திரிப் புகையும் தொய்வைக் கிளப்பும் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வார். அதில் உண்மையும் உண்டு. வீட்டுக்காரரின் கவனயீனத்தையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

ஆகவே வழக்கின் பாரத்தைச் சுவர் மேல் வையுங்கள். சுவர் ஈரமாக இருப்பதை யாரும் மறுக்க முடியாது. வைத்தியரிடமும் "பூஞ்சணத்தால் வந்தது" என்று எழுதித் தரச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், எழுதமாட்டார். "பிள்ளைக்குத் தொய்வு இருக்கிறது, ஈரமும் பூஞ்சணமும் அதைக் கூட்டும், இடம் மாறுவது நல்லது" என்று எழுதினால் போதும். பிள்ளை அம்மம்மா வீட்டில் நின்ற நாட்களில் பம்ப் தேவைப்படவில்லை என்றால் அந்தத் திகதிகளைக் குறித்து வையுங்கள். கிளினிக் கொப்பிக்குப் பக்கத்தில் அந்தக் குறிப்பை வைத்தால் அதுவே பேசும். கறுப்புப் பூஞ்சணம் எந்த இனம் என்று ஆய்வுகூடத்தில் காசைச் செலவழிக்காதீர்கள். நிறத்தை வைத்து ஆபத்தைச் சொல்ல முடியாது. இத்தனைக்கு மேல் இருந்தால் நோய் வரும் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவும் கிடையாது.

உடுப்புக் கதைக்கு வருவோம். ஜன்னலைத் திறப்பது உங்கள் வேலைதான். ஆனால் ஈரம் நிலத்திலிருந்து மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்தால் அது அத்திவாரத்தின் குறை. மேலிருந்து வழிந்தால் கூரை அல்லது குழாய். உடுப்பு ஈரம் அலுமாரிக்குப் பின்னால், மூலையில் பூக்கும், உப்புக் கட்டாது. நல்ல மேசன் ஒருவரைக் கூட்டிவந்து பார்த்து, திருத்தச் செலவோடு எழுதி வாங்குங்கள். படம் எடுக்கும் வரை சுவரைத் துடைக்க வேண்டாம். துடைக்கும்போது பிள்ளை அந்த அறையில் இருக்கக் கூடாது.

அடுத்தது, உங்கள் ஒப்பந்தம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். முத்திரை ஒட்டியதால் மட்டும் அது ஒரு வருடக் குத்தகை ஆகாது. நீங்கள் குடியிருந்து வாடகை கட்டுவதால் சட்டத்தின் பார்வையில் மாத வாடகைக்காரர். இது உங்களுக்கு வசதிதான்: ஒரு முழு மாத முன்னறிவித்தல் கொடுத்து வெளியேறலாம். அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள், முற்பணத்துக்கு அதுதான் சாட்சி.

இப்போதே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்: குறை என்ன, எப்போது சொன்னீர்கள், பதினான்கு நாளில் திருத்த வேண்டும். நம் பக்கத்தில் வீடு பெரும்பாலும் மனைவியின் சீதனம், வாடகை வாங்குகிறவர் கணவர். வாடகைக்குத் தந்தவர் யாரோ அவரிடமே கேட்கலாம். இருந்தாலும் வீட்டு உறுதிப் பத்திரம் மனைவியின் பெயரில் என்றால் அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்; சில வீடுகளில் அந்தப் பிரதிதான் வேலை செய்யும்.

பதில் இல்லையென்றால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். சட்டத்தரணி தேவையில்லை. தொகை சிறிதென்றால் நீதிமன்றம் போகுமுன் எப்படியும் அங்கேதான் போக வேண்டும். அப்புறம் வழக்கு என்று வந்து, வசதி இல்லையென்றால், சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிள்ளையின் வருத்தத்துக்கான நட்டஈட்டை இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்று வைத்துச் செயற்படுங்கள்.

வெளியேறுவதென்று முடிவெடுத்தால், திறப்பைக் கொடுக்கும் நாளில் எல்லா அறைகளையும் படம் எடுத்து, திறப்பு வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள். "நீங்கதான் சுவரப் பழுதாக்கினீங்க" என்று அந்தப் பூஞ்சணத்தையே காட்டி முற்பணத்தில் கழிக்க வருவார்.