அக்கா அனுப்பிய எல்டர்பெர்ரி

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

கனடாவில் வசிக்கும் என் அக்கா, காய்ந்த எல்டர்பெர்ரிப் பழம் அரைக் கிலோ அனுப்பியிருக்கிறார். குளிர்காலம் தொடங்குமுன் அதைக் காய்ச்சித் தேன் கலந்து பாணியாக்கி, வீட்டில் எல்லாருக்கும் நாளுக்கொரு கரண்டி கொடுப்பது அவர்கள் வழக்கமாம். இங்கே மாரி தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டிலும் தடிமனும் இருமலும் ஒருவர் மாறி ஒருவருக்கு வந்துகொண்டிருக்கின்றன. எனக்கு ஆறு வயதில் மகளும் எட்டு மாதத்தில் மகனும் இருக்கிறார்கள். மாமி நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். இந்தப் பாணியை எப்படிச் செய்வது, எல்லாருக்கும் கொடுக்கலாமா, நம்முடைய கொத்தமல்லிக் குடிநீரைவிட இது மேலானதா? இந்தப் பழம் நமது பக்கக் காடுகளில் கிடைக்குமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி, உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எட்டு மாத மகனுக்கு இந்தப் பாணியில் ஒரு துளிகூடக் கொடுக்க வேண்டாம். தேனில் குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்திகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளர்த்தி, பால் உறிஞ்சவும் அழவும், பின்னர் மூச்சுவிடவும் இயலாத நிலைக்குக் குழந்தையைக் கொண்டுபோகக்கூடும். தேனைக் கொதிக்க வைத்துவிட்டால் போதாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போதாது, அந்த வித்திகள் கொதிநீரின் சூட்டையும் தாங்குபவை. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். ஆயினும் அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்றே சொல்வேன். தேன் சேர்க்காமல் காய்ச்சினாலும் இது கைக்குழந்தைக்கு உரியதன்று. நீங்கள் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் மகனுக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களும் இதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் இதை உட்கொள்வது பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை.

அடுத்தது பழத்தைப் பற்றியது. எல்டர்பெர்ரி ஐரோப்பாவின் வேலியோரங்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் கறுத்த சிறு பழம். சமைத்தால் உணவு, பச்சையாக உண்டால் வயிற்றைப் புரட்டும். அதன் இலையிலும் காம்பிலும் விதையிலும் பழுக்காத காயிலும் சயனைட்டை வெளிவிடக்கூடிய பொருள்கள் உள்ளன. 1983இல் கலிபோர்னியாவில் ஓர் ஒன்றுகூடலுக்கு வந்திருந்தவர்கள், இந்த இனத்துக் காட்டுப்பழங்களை இலையும் காம்புமாக நசுக்கிப் பிழிந்த சாற்றைச் சமைக்காமலே குடித்துவிட்டு வாந்தியும் தலைச்சுற்றும் மரமரப்புமாக விழுந்தார்கள். 8 பேரை உலங்குவானூர்தியில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. நல்ல வேளையாக எல்லாரும் குணமடைந்தார்கள். ஆகவே பொதியை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, காம்புத் துண்டு, இலைத்துண்டு, பச்சை நிறம் மாறாத காய் ஆகியவற்றை அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எறிந்துவிட்டே தொடங்குங்கள்.

100 கிராம் பழத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் எடுத்து, அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். ஒரு விரலளவு கறுவாப் பட்டையும் நாலைந்து கராம்பும் தட்டிய இஞ்சித் துண்டொன்றும் சேர்த்து, நன்றாகக் கொதி வந்த பின் நெருப்பைக் குறைத்து, சட்டியை மூடாமல், சமையலறை யன்னலைத் திறந்துவைத்து, முக்கால் மணித்தியாலம் காய்ச்சுங்கள். ஒரு லீற்றர் அரை லீற்றராக வற்ற வேண்டும். வற்றுவது பாணியின் தடிப்புக்காக மட்டுமன்று. நான் முன்னே சொன்ன நச்சுப்பொருள் சிதைந்து ஆவியோடு போவதற்கும் அந்த நேரம் வேண்டும். வாசம் வந்துவிட்டது, நிறம் இறங்கிவிட்டது என்று கால் மணித்தியாலத்தில் இறக்கிவிடாதீர்கள். இறக்கியபின் அகப்பையின் பின்புறத்தால் இலேசாக நசுக்கி, மெல்லிய பருத்தித் துணியில் வடித்து, சக்கையைக் கொட்டிவிட்டு, கைச்சூட்டுக்கு ஆறிய பிறகு ஒரு கோப்பைத் தேன் கலந்துகொள்ளுங்கள். தேனைத் தெரிந்த ஒருவரிடம் வாங்குங்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும் தீக்குச்சியை நனைத்துக் கொளுத்திப் பார்ப்பதும் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனைகள் அல்ல.

இனி, வைத்திருப்பது பற்றி. இருபத்தெட்டு ஆண்டுகள் மருந்தாளராக வேலை செய்தவள் என்ற முறையில் இதில் சற்று அதிகமாகவே சொல்ல விரும்புகிறேன். மருந்துக் கலவைகளுக்கு நாங்கள் பயன்படுத்திய சீனிப்பாணியில் 1000 கிராமுக்கு 667 கிராம் சீனி இருக்கும். அந்த அளவு சீனி நீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சணமும் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களும் அதில் பிழைப்பது அரிது. நம் வீடுகளில் நன்னாரிப் பாணி மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதும் இதனால்தான். நீங்கள் செய்யப்போகும் பாணியிலோ சீனி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பெயர் பாணி என்றாலும் கெட்டுப்போகும் விதத்தில் அது பழச்சாற்றுக்கே நெருக்கமானது. நமது வெக்கையில் மேசைமேல் வைத்தால் இரண்டொரு நாளில் புளித்துவிடும். முதன்முறை நெல்லிக்காயில் இவ்வாறு செய்தபோது, கழுவி ஈரம் உலராத போத்தலில் ஊற்றி மூடி அலுமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் மூடி தெறித்துக் கிடந்தது. கண்ணாடிப் போத்தலைக் கொதிநீரில் இட்டெடுத்து, முற்றாக உலர்த்தி, நிரப்பிய திகதியை ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாள்களையும் நாம் கண்டிருக்கிறோம்; அப்படி நேர்ந்தால் புளித்த மணத்துக்கும் நுரைக்கும் காத்திராமல் கொட்டிவிடுங்கள். சிறிய அளவில் செய்வது நல்லது என்பது இதற்காகத்தான்.

பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி, மகளுக்கு ஒரு தேக்கரண்டி என்பதே வழக்கமான அளவு. மாமியைப் பொறுத்தவரை, ஒரு மேசைக்கரண்டிப் பாணியில் ஏறத்தாழ 6 கிராம் சீனி இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தேன் என்பதால் இரத்தத்தில் அது சீனியாகாமல் போவதில்லை. தேன் கலக்குமுன் அவருக்கென்று கொஞ்சம் கசாயத்தை எடுத்துவைத்து, கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், வைத்தியரைக் கேட்காமல் அவர்களுக்குப் பகிர வேண்டாம்.

இது மேலானதா என்று கேட்டிருந்தீர்கள். நோர்வேயில் சளிச்சுரம் கண்ட 60 பேரிடம் செய்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பழப்பாணி குடித்தவர்கள் சுமார் நான்கு நாள் முந்திச் சுகப்பட்டார்கள். அமெரிக்காவில் 87 பேரிடம் செய்து 2020இல் வெளியான ஆய்விலோ குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் பயன் தரும் வேறுபாடு தென்படவில்லை. இவ்வளவு சிறிய ஆய்வுகளை வைத்துக்கொண்டு இது தடிமனைத் தடுக்கும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீருக்கும் அதே நேர்மையோடுதான் பதில் சொல்ல வேண்டும்: தொண்டைக்கு இதம் தரும், உடம்புக்கு நீர் சேர்க்கும், சூடாகக் குடிக்கையில் மூக்கடைப்பு இளகும், இருமும் பிள்ளைக்கு, ஒரு வயது கடந்திருந்தால், படுக்குமுன் ஒரு தேக்கரண்டித் தேனும் உதவும். இரண்டையும் போட்டிக்கு நிறுத்தாதீர்கள். அக்காவின் அன்புக்காக அதைச் செய்யுங்கள்; அன்றாடத்துக்குக் கொத்தமல்லி போதும்.

இந்தப் பழம் நமது வெப்பக் கரையோரத்துக்கு உரியதன்று. அதேபோல் கறுத்த பழம் என்பதற்காக நாயுண்ணிப் பற்றையிலோ வேறு காட்டுச் செடியிலோ பறித்துக் காய்ச்சிவிட வேண்டாம். உள்ளூர் மூலிகை வேண்டுமானால் பதிவுபெற்ற சித்த வைத்தியரை நாடுங்கள். நமது கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பாணியன்று, பாணியை நம்பி இழக்கும் நாள்கள்தான். 2017இல் நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்ட ஆண்டில் நமது மாவட்டத்துக் கிண்ணியா பட்ட பாட்டை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் மருந்து வழங்கும் யன்னலுக்கு இப்பால் நின்ற நான், "மூன்று நாள் குடிநீர் கொடுத்தோம், இன்றைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளைதான் சோர்ந்து கிடக்கிறது" என்று சொன்ன தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். டெங்குவில் காய்ச்சல் தணியும் அந்த நேரமே ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம். மகளுக்குக் காய்ச்சல் கண்டால் பரசிற்றமோலை மட்டும் நிறைக்கேற்ற அளவில் கொடுங்கள். அஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடாது. இரண்டாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். வயிற்றுவலி, விடாத வாந்தி, மயக்கம், சிறுநீர் குறைதல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நேரத்தைப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

எஞ்சிய 400 கிராம் பழத்தைப் பொலித்தீன் பொதியிலேயே விட்டுவிடாமல், மாரி ஈரம் ஏறாதபடி இறுகிய மூடியுள்ள போத்தலில் போட்டு வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது வெண்பூப் பூத்திருந்தாலோ மக்கிய மணம் வந்தாலோ, காய்ச்சிச் சரிசெய்ய முயலாமல் எறிந்துவிடுங்கள். அக்கா கோபிக்க மாட்டார்.