மருந்து அடித்த அன்று தலைவலி: வெயிலா, விஷமா?

கேள்வி: பன்னிரண்டு வருடமாக முதுகுத் தெளிப்பானில் நானே பூச்சிமருந்து அடிக்கிறேன். பெரும்பாலும் புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ். அடித்த அன்று மாலை தலைவலி, குமட்டல், கண் மங்கல். சில நாள் இமை தானாகத் துடிக்கும். மறுநாள் சரியாகிவிடும். "வெயில்தான் காரணம், மருந்தெல்லாம் உடம்புக்குப் பழகியிருக்கும்" என்கிறார்கள் கூட அடிப்பவர்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்கிறேன். என் துணியைத் துவைக்கும் நாளில் மனைவிக்கும் தலை சுற்றுகிறது. ஏதாவது பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: ஐயா, இமை துடிப்பதைக் கவனித்து எழுதினீர்களே, அது நல்லதாகப் போயிற்று. தலைவலியும் குமட்டலும் வெயிலாலும் வரும். ஆனால் இமைத் துடிப்பும் கண் மங்கலும் சேர்ந்து, அதுவும் மருந்து அடித்த அன்று மட்டும் வருகிறது என்றால் மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன இரண்டுமே ஆர்கனோபாஸ்பேட் வகை. நரம்பு தசைக்குச் செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை உடனே சிதைப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. இந்த மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால்தான் தசை துடிக்கிறது, எச்சில் ஊறுகிறது, வியர்க்கிறது, கண் பாப்பா சுருங்குகிறது. பூச்சியைக் கொல்வதும் இதே வழியில்தான்.

சரி, மறுநாள் சரியாகிவிடுகிறதே என்கிறீர்கள். அறிகுறிதான் மறைகிறது. இரத்தச் சிவப்பணுவில் உள்ள இந்த நொதி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1% அளவில்தான் மீள்கிறது. இழப்பு பெரிதாக இருந்தால் முழுதாகத் திரும்ப மூன்று, நான்கு மாதம்கூட ஆகும். அதற்குள் நீங்கள் அடுத்த முறை தெளிப்பானை மாட்டிவிடுகிறீர்கள். தொடர்ந்து மருந்து படுகிறவர்களுக்குச் சில அறிகுறிகள் மங்கிப்போவது உண்மை. அதைத்தான் 'பழகிவிட்டது' என்கிறார்கள். உள்ளே நொதி குறைந்தே கிடக்கும். அந்த நிலையில் வழக்கமான அளவு பட்டாலே ஆள் விழுந்துவிடலாம். 'பழகிவிட்டது' என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

வெயிலா விஷமா என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஒருவரைக் கண் பாப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலான இடத்தில் அது விரிய வேண்டும். குண்டூசித் தலைபோலச் சுருங்கியே இருந்தால் மருந்துதான். வெயிலில் வாய் வறளும், இதில் எச்சில் ஊறும். ஆனால் பாப்பா சுருங்கவில்லை என்பதால் விஷம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

அடுத்தது மூக்குத் துணி. அது ஆவியைத் தடுக்காது. சாரலில் நனைந்துவிட்டால் மருந்தை முகத்தில் ஒட்டி வைத்த மாதிரிதான். அதைவிட முக்கியமாக, மருந்து அடிப்பவர் உடலுக்குள் பெரும்பகுதி தோல் வழியாகத்தான் போகிறது. பாராத்தியான் என்ற இதே வகை மருந்தை மனிதத் தோலில் சோதித்தபோது முன்கையைவிட நெற்றி சுமார் 4 மடங்கும், அக்குள் 7 மடங்கும், விரைப்பை 12 மடங்கும் உறிஞ்சின. ஒரு முறை ஒருவர் தெளிப்பானை இறக்கிவைத்தபோது பார்த்தேன். சட்டை முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். வியர்வை என்றார். கிட்டப் போனால் மருந்து வாடை. டேங்க் மூடியின் வாஷர் வெடித்திருந்தது. கசிந்தது முதுகு வழியே இறங்கி இடுப்புக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. உங்கள் வாஷரை இன்றே கழற்றிப் பாருங்கள்.

அடிப்பதைவிடக் கலக்குவது ஆபத்து. லிட்டருக்கு 2 மில்லி என்றால், பாட்டிலில் இருப்பது தெளிக்கும் கரைசலைவிட 500 மடங்கு அடர்த்தி. கலக்கும்போது நைட்ரைல் ரப்பர் கையுறையும் முகம் மறைக்கும் கண்ணாடிக் கவசமும் கட்டாயம். துணிக் கையுறை, தோல் கையுறை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழற்றும் முன் கையுறையோடு சேர்த்தே கையைக் கழுவுங்கள்.

மனைவிக்குத் தலை சுற்றுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் துணியை இனி நீங்களே, கையுறை போட்டு, தனியாக அலசி, சோப்பில் துவையுங்கள். வீட்டுத் துணியோடு சேர்க்க வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: நெஞ்சு இறுகினால், மூச்சு வாங்கினால், எச்சில் வழிந்தால் காத்திருக்கக் கூடாது. துணியைக் களைந்து, சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, மருந்தின் லேபிளோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அட்ரோபின் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். தேறி வந்தாலும், விஷம் ஏறிய ஒன்று முதல் நான்கு நாளுக்குள் தலையைத் தூக்கக் கழுத்தில் வலு இல்லை என்றால் உடனே திரும்ப ஓடுங்கள். மூச்சுத் தசைகளும் அப்படித் தளரக்கூடும்.

பரிசோதனை: சிவப்பணு கோலினெஸ்டரேஸ். இது ஆர்கனோபாஸ்பேட், அதே நொதியை முடக்கும் கார்பமேட் ஆகிய வகைகளுக்கு மட்டும்தான், களைக்கொல்லிக்கு உதவாது. ஒரே ஒரு முறை எடுத்து 'நார்மல்' என்று வந்தால் நிம்மதி அடையாதீர்கள். நார்மல் என்பது அகலமான வரம்பு. உங்கள் சொந்த அளவிலிருந்து 30% குறைந்தும் அதற்குள்ளேயே நிற்கலாம். அதனால் குறைந்தது 30 நாள், முடிந்தால் 60 நாள், மருந்துப் பக்கமே போகாமல் இருந்து அடிப்படை அளவை எடுங்கள். பிறகு அடிக்கும் பருவத்தில் அதே ஆய்வகத்தில் மறுபடி எடுங்கள். கலிபோர்னியாவில் இந்த வகை மருந்துகளைக் கையாளும் தொழிலாளர்களுக்கு உள்ள விதி இது: சிவப்பணு நொதி அளவு, அடிப்படை அளவின் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை முறையைச் சோதிக்க வேண்டும். 70 சதவீதம் அல்லது அதற்கும் கீழே என்றால், 80க்குத் திரும்பும்வரை அந்த வேலையே கூடாது. நீங்களும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அறிகுறி இருப்பதால், 60 நாள் முடியட்டும் என்று இருக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள், இரண்டு மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். மனைவியையும் கூடவே அழைத்துப் போங்கள்.