டிமதி ஹாக்வொர்த்தும் ஷில்டன் பட்டறையும்: கேள்வி பதில்

நீராவி ரயில் என்ஜினின் தொடக்க காலத்தில் இங்கிலாந்தின் ஷில்டன் நகரில் என்ஜின்கள் செய்த டிமதி ஹாக்வொர்த்தைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை ஒருவர்): ரயில் என்ஜின் என்றால் எங்கள் பாடநூல்களில் ஜார்ஜ் ஸ்டீபன்சன் பெயர் மட்டுமே வருகிறது. ஹாக்வொர்த் யார்?

பதில்: இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். நியூகாசிலுக்கு மேற்கே டைன் ஆற்றங்கரையில் உள்ள வைலம் என்னும் சுரங்கக் கிராமத்தில் ஸ்டீபன்சன் 1781-லும், ஹாக்வொர்த் 1786 டிசம்பர் 22 அன்றும் பிறந்தார்கள். ஹாக்வொர்த்தின் தந்தை அவ்வூர்ச் சுரங்கத்தில் தலைமைக் கொல்லர்; மகனும் அதே தொழிலைக் கற்று, பின்னர் அதே பொறுப்புக்கு வந்தார். சுரங்க உரிமையாளர் கிறிஸ்டோபர் பிளாக்கெட், குதிரைகளுக்குப் பதிலாக நீராவி என்ஜின் நிலக்கரி வண்டிகளை இழுக்க வேண்டும் என்று விரும்பி, 1813-14 காலத்தில் வில்லியம் ஹெட்லியின் மேற்பார்வையில் 'பஃபிங் பில்லி' போன்ற என்ஜின்களைச் செய்வித்தபோது, இரும்பு வேலையில் ஹாக்வொர்த்துக்கும் பங்கிருந்தது. எது யாருடைய யோசனை என்பதில் அக்குடும்பங்களின் வாரிசுகள் பின்னாளில் நெடுங்காலம் வாதாடினார்கள். அதற்குள் நான் போகவில்லை.

அவர் மெதடிஸ்ட் சமயப் பிரசங்கியாரும்கூட. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்ததால் வைலத்தை விட்டு விலகி, அருகிலிருந்த வால்பாட்டில் சுரங்கத்துக்குப் போனார். 1824-ல் நியூகாசிலில், ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகன் ராபர்ட்டின் பெயரில் இருந்த ராபர்ட் ஸ்டீபன்சன் கம்பெனியின் பட்டறையைச் சிறிது காலம் கவனித்துக்கொண்டார். 1825-ல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில்வே அவரை ஷில்டனில் என்ஜின்களுக்குப் பொறுப்பாளராக அமர்த்தியது.

கேள்வி: அந்த ரயில்வே 1825 செப்டம்பரில் ஆரவாரமாகத் திறக்கப்பட்டது. அப்படியிருக்க, சில ஆண்டுகளிலேயே என்ஜின்களைக் கைவிட்டுக் குதிரைகளுக்கே திரும்ப நினைத்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மைதான். ஹாக்வொர்த்தின் வாழ்க்கையில் மிக முக்கியமான கட்டமும் அதுவே என்பது என் கருத்து. திறப்பு விழா அன்று ஒரு என்ஜின் ஓடுவது வேறு. மழையிலும் பனியிலும் நாள் தவறாமல் நிலக்கரி இழுப்பது வேறு. அந்தத் திறப்பு விழாவில் ஓடிய 'லோகோமோஷன்' வகை என்ஜின்களின் கொதிகலனுக்குள் நெருப்பு செல்ல நேரான ஒற்றைக் குழாய்தான் இருந்தது. சூடு நீருக்குள் இறங்குவதற்குள் பாதி புகைபோக்கி வழியே போய்விடும். ஏற்றத்தில் நீராவி தீர்ந்து வண்டி நின்றுவிடும். வார்ப்பிரும்புச் சக்கரங்கள் அடிக்கடி உடைந்தன. 1828 ஜூலையில் லோகோமோஷனின் கொதிகலனே வெடித்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார்.

அந்த வெடிப்புக்கு முந்தைய ஆண்டே, என்ஜின்கள் இப்படித் திணறிக்கொண்டிருந்தபோது, ஹாக்வொர்த் தம் சொந்தத் திட்டப்படி ஓர் என்ஜின் செய்ய அனுமதி பெற்றார். சரியாக உழைக்காத பழைய என்ஜின் ஒன்றின் கொதிகலனை எடுத்து, அதைக் கொண்டு 1827-ல் 'ராயல் ஜார்ஜ்' என்ஜினை உருவாக்கினார். ஆறு சக்கரங்கள், ஆறையும் வெளிப்புறத் தண்டுகளால் இணைத்த அமைப்பு, 13 அடி நீளக் கொதிகலன், அதற்குள் போய்த் திரும்பி வரும் நெருப்புக் குழாய், 11 அங்குல விட்டமுள்ள இரண்டு செங்குத்துச் சிலிண்டர்கள். எடை ஆறு சக்கரங்களிலும் பரவியதால் தண்டவாளத்துக்குச் சேதம் குறைந்தது. ஆறும் சேர்ந்து இழுத்ததால் சக்கரம் வழுக்குவதும் குறைந்தது. 1828-ல் அது 22,442 டன் சரக்கை 20 மைல் தூரம் இழுக்க 466 பவுண்டு செலவானதாகவும், அதே வேலைக்குக் குதிரைகளானால் 998 பவுண்டு ஆகியிருக்கும் என்றும் கணக்கு காட்டப்பட்டது. அதன் பிறகு குதிரைக்குத் திரும்பும் பேச்சு அடங்கியது.

கேள்வி (பொன்மலைப் பணிமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்): நெருப்புக் குழாய் போய்த் திரும்பி வருமானால், அடுப்பின் வாயும் புகைபோக்கியும் ஒரே பக்கம் அல்லவா அமையும்? ஃபயர்மேன் எங்கே நின்றார்?

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், ஐயா. ஃபயர்மேன் புகைபோக்கிப் பக்கம் நின்று கரி போடுவார். ஓட்டுநர் சிலிண்டர்கள் இருக்கும் எதிர்முனையில் நிற்பார். இருவருக்கும் இடையே முழுக் கொதிகலன். கரி வண்டி ஒரு முனையிலும் தண்ணீர் வண்டி மறு முனையிலுமாக இரண்டு டெண்டர்கள் இணைக்கப்படும். இன்று பார்க்க விநோதமாக இருந்தாலும், நெருப்பு நீருக்குள் இரு மடங்கு தூரம் பயணம் செய்ததால் கிடைத்த நீராவி, மெதுவாகச் செல்லும் நிலக்கரி வண்டிகளுக்குப் போதுமானதாக இருந்தது.

கேள்வி: நீராவியைப் புகைபோக்கிக்குள் பாய்ச்சும் முறையைக் கண்டுபிடித்தவர் ஹாக்வொர்த் என்கிறார்கள் சிலர், ஸ்டீபன்சன் என்கிறார்கள் வேறு சிலர். உங்கள் முடிவு என்ன?

பதில்: முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவியை வெறுமனே வெளியே விடாமல், புகைபோக்கியின் நடுவே மேல்நோக்கிய குறுகிய வாய் வழியாகப் பாய்ச்சினால், அது சுற்றியுள்ள புகையையும் இழுத்துக்கொண்டு மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப அடுப்பின் வழியே புதுக் காற்று உள்ளே வரும். என்ஜின் எவ்வளவு கடினமாக உழைக்கிறதோ அவ்வளவு வேகமாக நீராவி வெளியேறும், அவ்வளவு வேகமாக நெருப்பும் எரியும். தேவைக்கேற்பத் தன்னைத் தானே ஊதிக்கொள்ளும் துருத்தி என்று அதைச் சொல்லலாம்.

ரிச்சர்ட் டிரெவிதிக் என்ற பொறியாளர் 1804-லேயே வேல்ஸில் ஓட்டிய பெனிடாரன் என்ஜினில் வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் விட்டார். அதனால் நெருப்பு நன்றாக எரிவதையும் கவனித்து எழுதினார். ஸ்டீபன்சனும் அதைப் பின்பற்றினார். ஆகவே, நீராவியைப் புகைபோக்கிக்குள் விடும் எண்ணம் ஹாக்வொர்த்துக்கு உரியதன்று. ஆனால், வாயைக் குறுக்கி, நடுவில் நிமிர்த்தி வைத்து, அதைக் கொதிகலனின் திறனையே உயர்த்தும் கருவியாகத் தெரிந்தே பயன்படுத்தியவர் ராயல் ஜார்ஜில் ஹாக்வொர்த்தான். எனக்கு அந்த இரண்டாவது படியே பெரியதாகத் தோன்றுகிறது.

கேள்வி (கல்லூரி மாணவர்): 1829-ல் நடந்த ரெய்ன்ஹில் போட்டியில் ஹாக்வொர்த்துக்குத் துரோகம் நடந்தது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். போட்டியாளரான ஸ்டீபன்சன் கம்பெனியே அவருக்குப் பழுதான சிலிண்டரைக் கொடுத்ததாமே?

பதில்: தம்பி, இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தன் பாதைக்கு ஏற்ற என்ஜினைத் தேர்ந்தெடுக்க லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்வே 500 பவுண்டு பரிசு அறிவித்திருந்தது. ஹாக்வொர்த் பகலெல்லாம் ஷில்டன் என்ஜின்களைப் பராமரித்துவிட்டு, ஓய்ந்த நேரத்தில் தம் கைப்பணத்தில் 'சான்ஸ் பாரெயில்' என்ஜினைக் கட்டினார். சொந்த வார்ப்பட்டறை வசதி இல்லாததால் கொதிகலனை பெட்லிங்டன் இரும்பாலையிலும், சிலிண்டர்களை ராபர்ட் ஸ்டீபன்சன் கம்பெனியிலும் செய்து வாங்க வேண்டியிருந்தது. போட்டிக்கு முன் போதுமான அளவு ஓட்டிப் பார்க்கவும் நேரமில்லை.

நான்கு சக்கர என்ஜின் நாலரை டன்னைத் தாண்டக் கூடாது என்பது விதி; சான்ஸ் பாரெயில் நாலே முக்கால் டன்னைச் சற்றே தாண்டியிருந்தது. ஆனாலும் அக்டோபர் 13 அன்று அதை ஓட நடுவர்கள் அனுமதித்தார்கள். மணிக்கு 10 மைல் என்ற நிபந்தனையைத் தாண்டி அது நன்றாகவே ஓடியது. எட்டாவது சுற்றில் தண்ணீர் ஏற்றும் பம்பு வேலை செய்யாமல் போக, கொதிகலனில் நீர் குறைந்து, பாதுகாப்புக்கு வைத்திருந்த ஈய அடைப்பு உருகி, ஓட்டம் அத்துடன் முடிந்தது. சிலிண்டர் வார்ப்பு ஓரிடத்தில் மிக மெல்லியதாக இருந்து பழுதுபட்டது என்பது ஹாக்வொர்த் தரப்பின் புகார். அக்காலத்தில் சிலிண்டர் வார்ப்பு அடிக்கடி தவறும் வேலை. வேண்டுமென்றே செய்தார்கள் என்பதற்குச் சான்று கிடையாது.

சிலிண்டர் பழுதில்லாமல் இருந்திருந்தாலும், போட்டியில் வென்ற ஸ்டீபன்சன் கம்பெனியின் 'ராக்கெட்' என்ஜினை அது வென்றிருக்காது என்றே நினைக்கிறேன். கடுமையான நீராவி வீச்சினால் எரியாத கரித்துண்டுகள்கூடப் புகைபோக்கி வழியே பறந்தன. ராக்கெட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எரிபொருள் செலவானது. செங்குத்துச் சிலிண்டர்கள் காரணமாக அதிர்வைத் தாங்கும் வில் (ஸ்பிரிங்) வைக்க முடியாமல் என்ஜின் ஆட்டம் போட்டது. ராக்கெட்டின் கொதிகலனிலோ சூடு செல்ல 25 செப்புக் குழாய்கள். அந்தப் பாதையில்தான் பிற்கால என்ஜின்கள் எல்லாம் சென்றன. தோற்ற என்ஜினும் வீணாகவில்லை. லிவர்பூல்–மான்செஸ்டர் கம்பெனியே அதை வாங்கியது. போல்டன்–லீ பாதையில் 1844 வரை ஓடி, பிறகு கோப்பல் சுரங்கத்தில் நிலையான என்ஜினாக 1863 வரை உழைத்தது.

கேள்வி: சக்கரங்கள் உடைந்தன என்றீர்கள். அதற்கு அவர் என்ன செய்தார்?

பதில்: பெரிய சக்கரத்தை ஒரே வார்ப்பாக ஊற்றினால், சூடு ஆறும்போது ஏற்படும் இழுவிசையால் உள்ளுக்குள் விரிசல் விழும். அன்றைய கடைசல் இயந்திரங்களும் சிறியவை. எனவே நடுப்பகுதியைத் தனியாகவும் வெளி வளையத்தைத் தனியாகவும் வார்த்து, இரண்டுக்கும் இடையில் மரக்கட்டைகளை அடித்து, இரும்பு ஆப்புகளால் இறுக்கினார். வளையம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கொல்லர் பட்டறையில் வளர்ந்த ஒருவரின் தீர்வு அது என்பது பார்த்தவுடன் தெரியும்.

கேள்வி: சம்பளக்காரராக இருந்தவர் சொந்தப் பட்டறை நடத்தியது எப்படி?

பதில்: 1833-ல் ஏற்பாடு மாறியது. என்ஜின்களை ஓட்டிப் பராமரிக்கும் வேலையை அவர் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டார். அதனால் ஷில்டனில் 'சோஹோ' என்ற பெயரில் சொந்தப் பட்டறை அமைத்து வெளியாருக்கும் என்ஜின் செய்ய முடிந்தது. அன்றாட நிர்வாகத்தைத் தம்பி தாமஸ் கவனித்தார். 1840-ல் ரயில்வே தொடர்பை முடித்துக்கொண்டு முழுநேரமும் சோஹோவிலேயே இருந்தார்.

கேள்வி: ரஷ்யாவின் முதல் ரயில்வேக்கு அவர் என்ஜின் அனுப்பினாரா?

பதில்: ஆம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே ஜார்ஸ்கோயே செலோ பாதைக்காக 1836-ல் ஓர் என்ஜின் அனுப்பினார். உடன் சென்றது அவருடைய மூத்த மகன் ஜான் வெஸ்லி ஹாக்வொர்த், வயது 16. குளிர்காலத்தில் துறைமுகத்திலிருந்து பனிச்சறுக்கு வண்டியில் பயணம். கடுங்குளிரில் சிலிண்டர் ஒன்று வெடித்துப்போக, கூட வந்த மேஸ்திரி மாஸ்கோ வரை போய்ப் புதிதாக வார்த்து, துளையிட்டு எடுத்துவந்து பொருத்தினார் என்று அக்குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். அந்த மகன் பின்னாளில் 1859-ல் வால்வுகளை இயக்கும் புதிய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

கேள்வி: இவ்வளவு செய்தவரின் பெயர் ஏன் மங்கியது? அவர் செய்த என்ஜின்களை இன்று எங்கே பார்க்கலாம்?

பதில்: ஸ்டீபன்சன் குடும்பத்துக்குப் பெரிய தொழிற்சாலையும், நாடெங்கும் பாதை போடும் பணியும், செல்வாக்கும் இருந்தன. ஹாக்வொர்த் ஒரே வட்டாரத்தின் நிலக்கரிப் பாதைக்காகவே பெரும்பாலும் உழைத்தார். தம் முறைகளை மாற்றிக்கொள்வதிலும் மெதுவாகவே இருந்தார். பயணிகள் ரயிலின் வேகத்தை 1830-களில் பிறர் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் போய்த் திரும்பும் குழாயையே பிடித்துக்கொண்டிருந்தார். 1849-ல் கட்டிய இரண்டாம் சான்ஸ் பாரெயிலில்தான் அவர் முழுமையாகப் புதிய வழிக்கு வந்தார். அதை வைத்து ராபர்ட் ஸ்டீபன்சனின் என்ஜினோடு போட்டியிடத் தயார் என்று அவர் மகன் எழுதிய சவாலுக்குப் பதில் வரவில்லை. 1850 ஜூலை 7 அன்று, 63 வயதில் ஹாக்வொர்த் காலமானார். கல்லறை ஷில்டனிலேயே இருக்கிறது.

முதல் சான்ஸ் பாரெயில் இன்று ஷில்டன் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடும் அந்த வளாகத்தைச் சேர்ந்ததே. கனடாவின் நோவா ஸ்கோஷியா சுரங்கத்துக்காக 1838-ல் ஷில்டனில் செய்யப்பட்ட 'சாம்சன்', ஸ்டெல்லர்டன் நகரத் தொழில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பொன்மலை ஐயா கேட்ட அந்த முன்பக்க அடுப்பையும், ஃபயர்மேன் நின்ற இடத்தையும் சாம்சனில் அப்படியே பார்க்கலாம்.